கிளிக்குக்குப் பிறகு ஓர் இழுப்பு

மூன்டா,
மே மாதம், ஞாயிறு பிற்பகல்

அன்புள்ள கிளெனிஸுக்கு,

மெர்வ் எழுதுகிறேன். நானும் நாயும் கோழிகளும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம். அங்கே நீயும் அப்படியே இருக்க வேண்டும். மனசைப் பற்றிக் கேட்டால், கோழிகளுக்கு மனசு நன்றாகத்தான் இருக்கிறது. என்னுடையதைப் பற்றிக் கீழே எழுதுகிறேன்.

போன வாரம் நல்ல மழை. ஊரைச் சுற்றி விதைப்பு ஆரம்பித்துவிட்டது. கடலோர மண்பாதையில் நான் ஓட்டும் பள்ளிப் பேருந்தின் சக்கரம் புதைகிறது, அதனால் தார்ச்சாலையில் சுற்றிக்கொண்டு போகிறேன். பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம், முதல் மணி அடித்த பிறகுதான் போய்ச் சேர்கிறோம். சனிக்கிழமை கால்பந்து ஆட்டத்தில் நம்மவர்கள் மறுபடியும் பக்கத்து ஊர் கடீனாவிடம் தோற்றார்கள். பக்கத்து வீட்டு லான்ஸ் வேலிக்கு மேல் தலையை நீட்டி அந்த ஆட்டம் முழுவதையும் எனக்குச் சொன்னான். நானும் அதே மைதானத்தில் அவன் பக்கத்தில்தான் நின்றிருந்தேன்.

நீ இறைச்சி அடைத்துச் செய்து உறைய வைத்துவிட்டுப் போன பேஸ்டிகள் தீர்ந்துவிட்டன. இரண்டு வாரத்துக்கு என்று செய்தாய். உன் கணக்கு சரியாகத்தான் இருந்தது, நாள்தான் நீண்டுவிட்டது. கடைசியில் ஒன்றைப் பாதியாக வெட்டிச் சாப்பிட்டு இழுத்துப் பார்த்தேன். அதுவும் முடிந்தது. இப்போது ரொட்டியும் தக்காளிச் சாஸும்.

தபால் நிலையத்து வால்மா உன் கடிதத்தை என் கையில் தருவதற்கு முன் முத்திரையை வாய்விட்டுப் படிக்கிறாள். "ஆலிஸ் ஸ்பிரிங்ஸ்! இன்னுமா அங்க இருக்கா? பாவம்ப்பா மெர்வ், நீ ரொம்ப நல்லவன்" என்றாள். இந்த ஊரில் ஒருவனை நல்லவன் என்று சொன்னால், அவன் பெண்டாட்டியைப் பற்றி அவன் இல்லாதபோது பேசி முடித்துவிட்டார்கள் என்று அர்த்தம்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். எனக்குப் பொறாமையாக இருக்கிறது. சுற்றி வளைத்து எழுத எனக்குத் தெரியாது.

போன ஞாயிறு நான் நீ வேலை செய்யும் பட்டறைக்கு ஃபோன் பண்ணியபோது எடுத்தவன் கோல் ரடக். "யாரு, மெர்வா? ஒரு நிமிஷம் அப்படியே இருப்பா. ஹெட் போல்ட் பாதியில நிக்குது, இப்ப விட்டா வரிசை கெட்டுடும்" என்று சொல்லிவிட்டு ரிசீவரைப் பலகைமேல் வைத்துவிட்டுப் போய்விட்டான். எனக்கு எல்லாம் கேட்டது. அவன் "மூணு" என்றான். கிளிக். "நாலு" என்றான். கிளிக். இப்படியே கடைசி வரைக்கும் நான் இங்கே சமையலறையில் ரிசீவரைக் காதில் வைத்துக்கொண்டு நின்றேன்.

எண் சொல்வது என்னுடைய வேலை, கிளெனிஸ். நீ ரெஞ்சைப் பிடித்து இழுப்பாய், வைத்த அளவுக்கு போல்ட் இறுகியதும் அது கிளிக் அடிக்கும், நான் அடுத்த எண்ணைச் சொல்வேன். இழுக்கிறவர் கண் ரெஞ்சில் இருக்க வேண்டும், நடுவிலிருந்து வெளியே எந்த போல்ட்டுக்குப் பிறகு எது என்பது வேறு ஓர் ஆளின் தலையில் இருக்க வேண்டும் என்பது உன் அப்பா தன் கராஜில் வைத்த சட்டம். அந்தச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டுதான் நான் உன் பக்கத்தில் வந்து நின்றேன். எஞ்சினைப் பற்றி எனக்கு வேறு என்ன தெரியும்? எனக்கு முன்னால் அங்கே நின்று எண் சொன்னவன் கோல் என்பதும் எனக்குத் தெரியும். நீங்கள் இருவரும் அந்தக் கராஜில் போல்ட் இறுக்கிய காலத்தில் நான் எதிர்ப்பக்கம் பேருந்துக்காகக் காத்திருப்பதுபோல் நின்றுகொண்டிருப்பேன். அந்தப் பேருந்தை ஓட்ட வேண்டியவனே நான்தான் என்பதை ஊரே பார்த்துச் சிரித்தது.

நான் எண் சொல்லும்போது நீ ஒவ்வொரு கிளிக்குக்குப் பிறகும் ஒரு மூச்சு விடுவாய். நான் அதற்குக் காத்திருந்துதான் அடுத்த எண்ணைச் சொல்வேன். கடைசிச் சுற்றில் கிளிக் கேட்டதும் "ஆச்சு" என்று சொல்லி அந்த போல்ட் தலையில் மஞ்சள் பெயின்ட் ஒரு பொட்டு வைப்பேன். கோல் அப்படியெல்லாம் காத்திருக்கவில்லை. ஏலம் போடுகிறவன் மாதிரி அடுக்கிக்கொண்டே போனான். நீயும் அதற்கு ஈடு கொடுத்தாய். எல்லாம் முடிந்ததும் நீ சிரித்த சத்தம் கேட்டது. போல்ட் இறுக்குவதில் சிரிக்க என்ன இருக்கிறது? நம் கொட்டகையில் நீ ஒருநாளும் சிரித்ததில்லை. "பேசாம எண்ணு மெர்வ்" என்றுதான் சொல்லியிருக்கிறாய்.

அவனுக்குத் தோள் போய்விட்டது, ரெஞ்ச் இழுக்க முடியாது, ஜூன் மாதப் பாலைவனப் பந்தயத்துக்கு எஞ்சின் கட்ட உன் கையைத் தவிர வேறு கையை நம்ப மாட்டான் என்றுதானே கூப்பிட்டான்? நானும் "போயிட்டு வா" என்றுதான் சொன்னேன். சொன்னது நான்தான், மறுக்கவில்லை.

ஒரே ஓர் ஆறுதல் இருக்கிறது. நீ பூட்ஸை எடுத்துப் போனாய், பட்டறை உடுப்பை எடுத்துப் போனாய், கிளிக் அடிக்கும் உன் டார்க் ரெஞ்சை மட்டும் விட்டுப் போயிருக்கிறாய். அதன் பெட்டியைத் தினமும் ஒரு தடவை திறந்து பார்த்துவிட்டு மூடுகிறேன். நம் யூட் வண்டியின் எஞ்சின் நீ பிரித்துப் போட்டபடியே கொட்டகையில் இருக்கிறது. அதன் மேல்மூடியான ஹெட்டைப் பழைய படுக்கை விரிப்பால் மூடி வைத்திருக்கிறேன். ரெஞ்சை விட்டுப் போகிறவள் திரும்பி வருவதற்குத்தான் விட்டுப் போவாள் என்று நாயிடம் சொல்லியிருக்கிறேன்.

சீக்கிரம் வா என்று எழுத மாட்டேன். பேஸ்டி தீர்ந்துவிட்டது என்று மட்டும் எழுதுகிறேன்.

உன் அன்புள்ள,
மெர்வ்


மூன்டா,
மே மாதக் கடைசி, செவ்வாய்

கிளெனிஸுக்கு,

"அன்புள்ள" இல்லை என்பதைப் பார்த்திருப்பாய். எழுதப் பார்த்தேன், கை வரவில்லை.

உன் கடிதம் வந்தது. முதலில் பேருந்தில் உட்கார்ந்து படித்தேன். பிறகு கொட்டகையில் எஞ்சின் பக்கத்தில் நின்று படித்தேன். அங்கே படித்தபோது இன்னும் மோசமாக இருந்தது.

கோலின் ரெஞ்ச் பொய் சொல்கிறது என்று எழுதியிருக்கிறாய். வேலை முடிந்ததும் பூஜ்யத்துக்குத் திருப்பி வைக்காமல், எழுபத்தைந்திலேயே வருஷக்கணக்கில் ஆணியில் தொங்கவிட்டிருக்கிறான். உள்ளே ஸ்பிரிங் சோர்ந்துபோய், அறுபதுகூட ஏறாதபோதே எழுபத்தைந்து என்று கிளிக் அடித்திருக்கிறது. ஓட்டிப் பார்த்தபோது ஹெட் ஓரத்தில் தண்ணீர் கசிந்திருக்கிறது. எல்லாவற்றையும் கழற்றி மறுபடியும் முதலிலிருந்து இறுக்க வேண்டும். இதைப் படித்ததும் எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது தெரியுமா? பேருந்தில் தனியாக உட்கார்ந்து சத்தம்போட்டுச் சிரித்தேன். ரெஞ்சைப் பூஜ்யத்துக்குத் திருப்பி வைக்கத் தெரியாதவனாம், அவனுக்குப் பந்தயமாம். ஏலம் போட்டு எண்ணியதெல்லாம் தண்ணீரில் போயிற்று.

அந்தச் சிரிப்பு அடுத்த வரி வரைக்கும்தான் நின்றது. உன் ரெஞ்சை வெளியூர்ப் பேருந்தில் போட்டு அனுப்பச் சொல்லி எழுதியிருக்கிறாய். அதற்கும் கீழே, பந்தயம் முடிந்த பிறகும் பட்டறையிலேயே இருந்துவிடச் சொல்லிக் கோல் கேட்கிறான், நான் யோசிக்கிறேன் என்று எழுதியிருக்கிறாய். இரண்டையும் ஒரே பக்கத்தில் எழுதியிருக்கிறாய். நான் முட்டாள்தான், ஆனால் அவ்வளவு முட்டாள் இல்லை. ரெஞ்ச் போனால் இந்த வீட்டில் உன்னுடையது என்று மிச்சம் இருப்பது குளிர்காலக் கோட்டும் நானும்தான்.

இன்னொரு சங்கதி. லான்ஸின் மைத்துனி நீ இருக்கும் அந்த ஊரில்தான் இருக்கிறாள். அவள் இவனிடம், "கோல் ரடக்கா? சனிக்கிழமை கிளப்ல புல்தரைமேல பந்து உருட்டிக்கிட்டு இருந்தாரே, நல்லா ஜோராத்தான் இருந்தாரு" என்று சொல்லியிருக்கிறாள். தோள் போனவன் பந்து உருட்டுகிறானா? ஒரு பந்தை உருட்ட முடிகிறவனுக்கு ஒரு ரெஞ்சை இழுக்க முடியாதா? லான்ஸ் இதைச் சொல்லிவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். "நான் ஒண்ணும் சொல்லலப்பா, கேட்டதைச் சொன்னேன்" என்றான். அவன் புறாக்கள் நம் கூரையை நாசம் பண்ணுவதைக்கூட நான் பொறுத்திருக்கிறேன். அன்றைக்கு அவனைப் பொறுக்க முடியவில்லை.

உன் கடிதத்தில் இன்னொரு வரி. "இங்க வண்டி கொண்டு வர்றவங்க நேரா எங்கிட்ட வந்து கேக்குறாங்க மெர்வ். மூன்டால எல்லாரும் உன்கிட்டக் கேப்பாங்க, நீ உள்ள வந்து எங்கிட்டக் கேப்ப, நான் சொல்றத வெளிய போய் நீ சொல்லுவ." அந்த வரியைப் படித்துவிட்டுக் கடிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்தேன்.

ரெஞ்சை அனுப்ப மாட்டேன். எனக்கு இங்கே அது வேண்டும். வருகிற சனிக்கிழமை யூட்டின் ஹெட்டை நானே ஏற்றி இறுக்கப் போகிறேன். எண் சொல்ல லான்ஸ் வருகிறான். இத்தனை வருஷமாகப் பக்கத்தில் நின்று எண் சொன்னவனுக்கு இழுக்கத் தெரியாமலா போய்விடும்? அந்த யூட்டில் ஏறி நேராக உன் பட்டறை வாசலில் வந்து நின்று ஹார்ன் அடிக்கிறேனா இல்லையா பார்.

நாய் நன்றாக இருக்கிறது. அதற்கு ஒரு கவலையும் இல்லை, அதிர்ஷ்டக்காரப் பிறவி.

கோபத்துடன்,
மெர்வ்

பி.கு.: ஆலிஸ் ஸ்பிரிங்ஸில் கடை இல்லையா? கோல் புது ரெஞ்ச் வாங்கிக்கொள்ளட்டும்.


மூன்டா,
ஜூன் மாதம், வியாழன்

அன்புள்ள கிளெனிஸுக்கு,

இந்தத் தடவை "அன்புள்ள" போட்டிருக்கிறேன். போன தடவை விட்டதையும் இதோடு சேர்த்துக்கொள்.

ஞாயிற்றுக்கிழமை நீ ஃபோன் பண்ணி, "ஹெட் ஏத்திட்டியா?" என்று கேட்டாய். நான், "மழை பெய்யுது" என்றேன். நீ, "கொட்டகைக்குள்ளயா?" என்றாய். அப்போதே உனக்குப் புரிந்திருக்கும். என்றாலும் நடந்ததை எழுதிவிடுகிறேன், ஃபோனில் வாய் வரவில்லை.

சனிக்கிழமை காலை லான்ஸ் வந்தான். நீ செய்வதுபோலவே ஹெட் உட்காரும் எஞ்சின் பிளாக்கின் முகத்தைத் துடைத்தேன். போல்ட் ஓட்டைகளில் எண்ணெயோ தண்ணீரோ தங்கவிடாமல் துணியைச் சுற்றி எடுத்தேன். மரையில் எண்ணெய் ஒரு தொடு, தலைக்கு அடியில் ஒரு தொடு. கசிவைத் தடுக்கும் புது கேஸ்கெட் தகட்டை வைத்து ஹெட்டை ஏற்றினோம். முப்பதில் முதல் சுற்று, ஐம்பத்தைந்தில் இரண்டாவது. ஒரு குறையும் இல்லை. லான்ஸ் ஒவ்வொரு எண்ணுக்கும் நடுவில் ஒரு புறாவின் பரம்பரையைச் சொன்னான், அது ஒன்றுதான் தொல்லை. "பேசாம எண்ணு லான்ஸ்" என்றேன். சொன்ன பிறகுதான் அது யாருடைய வார்த்தை என்று நினைவு வந்தது.

மூன்றாவது சுற்றுக்கு ரெஞ்சை எழுபத்தைந்தில் வைத்தேன். லான்ஸ் "ஒண்ணு" என்றான். இழுத்தேன், கிளிக். நீ என்றால் அங்கேயே கையை எடுத்திருப்பாய். எனக்கு அந்த நேரம் பார்த்துக் கோலின் குரல் காதில் கேட்டது. இன்னொரு இழு இழுத்தேன். "ரெண்டு." கிளிக். நீ சிரித்தது கேட்டது. இன்னொரு இழு. அவன் ரெஞ்ச் பொய் சொன்னதே, இதுவும் சொல்லாது என்று யார் கண்டது? இன்னும் கொஞ்சம் இருக்கட்டும் என்று ஒவ்வொன்றுக்கும் கிளிக்குக்குப் பிறகு ஓர் இழுப்பு கொடுத்துக்கொண்டே போனேன். "கிளிக்னா கைய எடு. அதுக்கு மேல இழுக்குறது ரெஞ்ச நம்பாதவன் பண்ற வேல" என்று நீ எத்தனை தடவை சொல்லியிருப்பாய். எனக்கென்று சொன்னதில்லை, ஏனென்றால் நான் இழுத்ததே இல்லை. வண்டி கொண்டு வரும் ஆண்களுக்கு என் வழியாகச் சொல்லி அனுப்புவாய்.

ஓரத்து போல்ட்டுக்கு வந்தபோது ரெஞ்ச் திடீரென்று இலகுவாகச் சுற்றியது. நல்ல வேலைக்காரனாக இருந்தால் அங்கே நிறுத்தியிருப்பான். நான், ஆகா, கை பழகிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். படாரென்று போல்ட் இரண்டாகப் போயிற்று. நான் பின்பக்கமாக விழுந்தேன். லான்ஸ் அடுத்த எண்ணைச் சொல்லி முடித்துவிட்டுத்தான் திரும்பிப் பார்த்தான். "மெர்வ், மரை கழண்டது உனக்குத்தான்ப்பா, போல்ட்டுக்கு இல்ல" என்றான்.

ரெஞ்சைப் பெஞ்சில் எறிந்துவிட்டு அவனோடு பாருக்குப் போய்விட்டேன். மறுநாள் சாயங்காலம் கொட்டகைக்குள் போனால், ரெஞ்ச் எழுபத்தைந்திலேயே கிடக்கிறது. பூஜ்யத்துக்குத் திருப்பவில்லை. எவனைப் பார்த்துச் சிரித்தேனோ அவன் செய்த அதே காரியம். அவனாவது மறதியில் செய்தான். கைப்பிடியைத் திருப்பித் திருப்பிப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்தேன். உட்கார்ந்து அழுதேன் என்று எழுதினால் நீ நம்ப மாட்டாய், அதனால் நாய் அழுதது என்று வைத்துக்கொள்.

ஹெட்டைக் கழற்றி, பிளாக்கையும் போல்ட்டுகளையும் ரெஞ்சையும் லான்ஸின் டிரெய்லரில் ஏற்றி வாலரூவில் எர்னியின் லேத் பட்டறைக்குக் கொண்டு போனேன். எர்னி உடைந்த துண்டின் நடுவில் துளை போட்டு, எதிர்ப்பக்கமாகத் திருப்பி எடுத்துவிட்டான். மரைக்கு ஒன்றும் ஆகவில்லை. பிறகு மற்ற போல்ட்டுகளை ஒவ்வொன்றாக ஒரு புது போல்ட் பக்கத்தில் நிறுத்திக் காட்டினான். உடைந்தது ஒன்றுதான், கிளெனிஸ். ஆனால் நான் தொட்ட அத்தனையும் மயிரிழை நீண்டு போயிருந்தன. பார்வைக்கு எல்லாம் நன்றாகத்தான் இருந்தன. "இப்படியே விட்டிருந்தா ஓடியிருக்கும்ப்பா, ஒரு மாசம் ஓடியிருக்கும். அப்புறம் நடுரோட்டுல கேஸ்கெட் ஊதி வண்டி நின்னிருக்கும்" என்றான். எல்லாவற்றையும் குப்பையில் போட்டுவிட்டுப் புது போல்ட்டுகளும் இன்னொரு கேஸ்கெட்டும் வாங்கிக்கொண்டு வந்தேன்.

உன் ரெஞ்சை அவன் சோதனைப் பெஞ்சில் மாட்டிப் பார்த்தான். நான் வெளியே போய் நின்றுகொண்டேன், பார்க்கத் தைரியம் இல்லை. உள்ளேயிருந்து, "வா வா, ஒண்ணும் ஆகல. எழுபத்தஞ்சுன்னா எழுபத்தஞ்சுலதான் அடிக்குது. யாரோ நல்லா வச்சிருந்திருக்காங்க" என்றான். "கிளெனிஸோடது" என்றேன். "அது தெரியுது. அவ எங்க?" என்றான். வாலரூவுக்கும் உன் செய்தி போக வேண்டியதுதான் பாக்கியாக இருந்தது. "வேலைக்குப் போயிருக்கா. பந்தய எஞ்சின் கட்டுறா" என்றேன். சொல்லும்போது கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது, அதை மறைக்கவில்லை.

கோல் இடது கையால் பந்து உருட்டுகிறான், அதிலும் எப்போதும் தோற்கிறான் என்று ஃபோனில் சொன்னாய். நம்புகிறேன். நம்பாமல் இழுத்துப் பார்த்தது போதும். ஆனால் பொறாமை போய்விட்டது என்று நினைத்துவிடாதே. அது அப்படியே இருக்கிறது. காலையில் எனக்கு முன்னால் எழுந்துவிடுகிறது.

செவ்வாய்க்கிழமை டக் ஹாஸ்கிங் தன் பழைய லாரியைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தினான். எஞ்சினில் ஏதோ தட்டுகிறதாம். வழக்கம்போல என்னிடம், "மெர்வ், இது என்னன்னு கொஞ்சம் பாரேன்" என்றான். நான், "எனக்கு எஞ்சினைப் பத்தி ஒரு மண்ணும் தெரியாது டக். இத்தனை நாளா உனக்குச் சொன்னதெல்லாம் கிளெனிஸ் சொன்னது. அவகிட்ட நீயே கேளு" என்றேன். அவன் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்துகொண்டு, "அது எங்களுக்கும் தெரியும்ப்பா. அவ உள்ள வேலையா இருக்காளேன்னுதான் உன்கிட்டக் கேப்போம்" என்றான். எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. தெரிந்தும் ஒருவனும் உள்ளே வந்து உன்னிடம் கேட்டதில்லை, வாசலில் நான் நின்றுகொண்டிருந்தேன். பிறகு, "அவ வருவால்ல?" என்றான். நான் நாய்க்குச் சாப்பாடு வைக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு உள்ளே வந்துவிட்டேன்.

ரெஞ்சை இன்று காலைப் பேருந்தில் போட்டுவிட்டேன். இந்தக் கடிதத்துக்கு முன்னால் அது உன் கைக்கு வந்துவிடும். என் கால்பந்துக் கழுத்துத் துணியில் சுற்றியிருக்கிறேன். பூஜ்யத்தில் வைத்திருக்கிறேன், சந்தேகம் வேண்டாம். ஓட்டுநர் எனக்குத் தெரிந்தவன். தன் இருக்கைக்குப் பக்கத்திலேயே வைத்துக்கொள்வதாகச் சத்தியம் செய்திருக்கிறான்.

கோல் எண்ணட்டும். ஆனால் அவனை மெதுவாக எண்ணச் சொல். கிளிக்குக்குப் பிறகு உனக்கு ஒரு மூச்சு விட நேரம் வேண்டும். அது அவனுக்குத் தெரியாது, நீயும் சொல்லியிருக்க மாட்டாய். இதை எழுதும்போதும் எனக்கு வயிறு எரிகிறது. இருந்தாலும் சொல். உன் எஞ்சின் கசியக் கூடாது. பந்தயத்தில் யார் ஓட்டினாலும், அது உன் கை இறுக்கிய எஞ்சின்.

அந்த வேலையைப் பற்றி நீயே முடிவு செய். நான் இங்கிருந்து இழுக்க மாட்டேன். அங்கே பள்ளிப் பேருந்து உண்டா, ஓட்ட ஆள் தேவைப்படுமா என்று மட்டும் யாரிடமாவது கேட்டு எழுது. கோழிகளை லான்ஸ் பார்த்துக்கொள்வான். நாய் எங்கேயும் வரும்.

யூட்டின் ஹெட்டை மறுபடி ஏற்றி வைத்திருக்கிறேன். புது போல்ட்டுகளை விரலால் முட்டும் வரைக்கும் சுற்றியிருக்கிறேன், அதற்கு மேல் தொடவில்லை. இனிமேல் தொடவும் மாட்டேன், ரெஞ்ச் உன்னிடம் இருக்கிறது. நீ எங்கே இருந்தாலும் உன் கைக்கு ஒரு குறையும் வராமல் இருக்கட்டும். நீ போடும் ஒவ்வொரு எஞ்சினும் ஓடட்டும், கோலுடையதும்கூட.

மஞ்சள் பெயின்ட் டின்னை மட்டும் நான் அனுப்பவில்லை. அது இங்கே என்னிடம் இருக்கிறது, மூடியை நன்றாக அழுத்தி வைத்திருக்கிறேன், காயாது.

உன்,
மெர்வ்